டிபன் கேரியர் வழக்கு

இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உன் கேஸ் முடிந்த சேதி வந்தது. பழம் காடாம்புலியூர்ப் பழம். உன் அம்மா தன் அக்கா வீட்டிலிருந்து வந்ததில் ஒன்றை எனக்கென்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார். அறுத்ததும் வாசம் கூடம் வரைக்கும் போய்விட்டது. பக்கத்தில் கிடந்த போன் டிங் என்றது. ஆபீஸ் மெயில். கை முழுக்க எண்ணெயும் பாலுமாக இருந்ததால் மூக்கால் தள்ளித்தான் திறந்தேன். நீ பார்த்திருந்தால் அதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பாய்.

மெயிலில் இருந்தது கொஞ்சம்தான். இரண்டு கம்பெனிகளும் சமாதானமாகிவிட்டன. வழக்கு திரும்பப் பெறப்பட்டது. இந்த வழக்கை முன்னிட்டு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஊழியர்களுக்கு இனி எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

படித்த மறுகணம், எண்ணெய்க் கையோடேயே உன் நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டேன். உன் பெயர் திரையில் வந்த பிறகுதான் கை நின்றது. போன ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். எனக்குத் தெரியும். கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது.

இனி நாம் பேசலாம். அதனால் பேசுகிறேன், கேள்.

நாம் எப்படிச் சிநேகிதமானோம் என்று யாராவது கேட்டால், நீதான் முதலில் வந்து பேசினாய் என்று நீ சொல்வாய். நான்தான் முதலில் பேசினேன் என்று நான் சொல்வேன். நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்ட நாள் என்பதில் மட்டும் இருவருக்கும் தகராறு கிடையாது. முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து நீங்கள் வந்த புதிது. நிலம் சுரங்கத்துக்குப் போய், உன் அப்பாவுக்கு வேலை பர்மனென்ட் ஆகி, எங்கள் பிளாக்கிலேயே குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. நாங்கள் அப்பாவின் வேலைக்காகக் கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து சேர்ந்தவர்கள். நீ 'வூடு' என்பதைக் கேட்டு நான் சிரிப்பேன். நான் 'அங்கன' என்பதைக் கேட்டு நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு நர்ஸிடம் கேட்டாய்: "இத்தினியூண்டு மருந்துக்கு எதுக்கு சிஸ்டர் இம்மாம் பெரிய பொட்டி?"

"வழியில சூடானா மருந்து கெட்டுப்போயிடும்மா. அதான் ஐஸ் போட்டு எடுத்துக்கிட்டு வரோம்."

"ஐஸு மிச்சமானா குடுப்பீங்களா?"

அன்றே உனக்குள் ஒரு விஞ்ஞானி முளைத்துவிட்டாள் என்று கதை கட்ட மாட்டேன். உனக்கு ஐஸ் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கிடைத்த கட்டியைக் கடித்து இரண்டாக்கி, ஒரு பாதியை என் வீங்கிய கையில் வைத்து, "இந்தா, வச்சிக்க, எரியாது" என்றாய். அதைத்தான் முதல் பேச்சு என்று நீ கணக்கில் எடுத்துக்கொண்டாய். அதற்கு முன்னாலேயே நான் உன்னிடம் "வலிக்குதா?" என்று கேட்டிருந்தேன். நீ அழுகையை அடக்கிக்கொண்டிருந்ததால் உன் காதில் விழவில்லை. அது என் தப்பா?

அந்த டிபன் கேரியரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உன் அப்பா டபுள் ஷிப்ட் பார்க்கும் நாட்களில் இரண்டாவது வேளைச் சாப்பாட்டை ஷிப்ட் பஸ்ஸில் கொடுத்தனுப்புவது உன் வேலை. துணைக்கு நான். ஒரு நாள் கேரியரின் கொக்கி பஸ் படியிலேயே நழுவி, சாம்பார் முழுக்க ஒரு போர்மேனின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. நாம் ஓடிய ஓட்டம் மெயின் பஜார் வரைக்கும் நிற்கவில்லை. அடுத்த முறை நீ உஷாராகி, கொக்கிமேல் கம்பி போட்டு முறுக்கிக் கட்டிவிட்டாய். அன்று உன் அப்பா கேரியரைத் திறக்க முடியாமல் பசியோடு வீடு வந்தார். கோபம் வராத மனிதர். "வழியில தொறந்தா எவன் சட்டையோ தின்னுது. தொறக்கவே இல்லன்னா எவனும் தின்னல. நடுவுல ஒண்ணு பண்ணுங்கடி" என்றார்.

பல வருஷம் கழித்து, ஹைதராபாத்தில் அந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்த பிறகு, உன் ஆராய்ச்சியை எனக்குப் புரியவைக்க நீ எடுத்ததும் அந்தக் கேரியரைத்தான். "மருந்துன்னா ஒரு துண்டுச் சீட்டு மாதிரிடி. இன்ன மாதிரி கிருமி வரும், இப்படி அடையாளம் கண்டுக்கன்னு எழுதின சீட்டு. அத அப்படியே ஊசியில ஏத்துனா ஒடம்பே கிழிச்சிப் போட்டுடும். அதனால கொழுப்புல சுத்தி அனுப்பணும். ரத்தத்துல போறப்ப தொறக்கக் கூடாது. செல்லுக்குள்ள போனப்புறம் தொறக்காம இருக்கக் கூடாது. எங்கப்பா சொன்னாரே நடுவுல ஒண்ணு, அதான் என் வேல."

நான்கு வகைக் கொழுப்பு, அதில் ஒன்று உங்கள் பரிசோதனைக்கூடத்தில் செய்தது, எது எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது என்றாய். எத்தனை தடவை தோற்றாய் என்று எனக்குத் தெரியும், தோற்ற நாளெல்லாம் எனக்குத்தானே போன் வந்தது. ஒரு நாள் மத்தியானம் "தொறந்துடுச்சிடி" என்று மட்டும் சொன்னாய். எனக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு பேரும் போனிலேயே அழுதோம். பக்கத்து மேஜைக்காரர் எங்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்கு நீங்கள் காப்புரிமை வாங்கியபோது கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் உன் பெயர்தான் முதலில் இருந்தது. அப்புறம் உலகமே முகத்தை மூடிக்கொண்டு அலைந்த காலம் வந்தது. தடுப்பூசிக்கு நாடுகள் அடித்துக்கொண்டன. வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்றின் தடுப்பூசியைச் சுற்றியிருந்த கொழுப்பு உறையும் உங்களுடையதைப் போலவே இருக்க, உன் கம்பெனி வழக்குப் போட்டது. எனக்குத் தெரிந்தவர்கள் பலர், இந்த மருந்தை யார் கண்டுபிடித்தது என்பதுதான் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சோறு யாருடையது என்று சண்டையே இல்லை. கேரியர் யாருடையது என்றுதான் சண்டை.

அந்தப் பெரிய கம்பெனி, உலகத்தில் எத்தனையோ ஆபீஸ் இருக்க, நான் வேலை பார்க்கும் சென்னை ஆபீஸிடம் வந்தது பார், அதைத்தான் விதி என்கிறார்கள். என் வேலை உனக்குத் தெரிந்ததே. யாராவது ஒன்றைப் புதிது என்று சொன்னால், அது உண்மையிலேயே புதிதா, முன்பே எவராவது எங்காவது எழுதி வைத்திருக்கிறாரா என்று உலகத்துக் காகிதத்தையெல்லாம் துழாவுவது. 'குப்பை கிளறி' என்று எனக்குப் பட்டமே வைத்திருந்தாய். இந்த முறை கிளறச் சொன்னது உன் குப்பையை.

மேலாளரிடம் போய் நின்றேன். "சார், அந்தப் பக்கம் மொதல் பேரு என் ஃப்ரெண்ட் சார்."

"ஃப்ரெண்ட்னா? எந்த அளவுக்கு ஃப்ரெண்ட்?"

"ஒரே பிளாக் சார்."

சென்னைக்காரர் முழித்தார். நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஒருவழியாகப் புரிந்துகொண்டு எனக்கும் அந்தக் கேஸுக்கும் நடுவில் சுவர் எழுப்பினார்கள். அப்படித்தான் ஆபீஸில் சொல்வது, சுவர் என்று. அந்தக் கோப்புகள் எனக்குத் திறக்காது. அதைப் பற்றி நான் யாரிடமும் கேட்கக் கூடாது. உன்னிடம் கேஸைப் பற்றிப் பேசவே கூடாது. உன் பக்கத்து வக்கீல்கள் இன்னும் கறார். நீ சாட்சி சொல்ல வேண்டியவள், எதிர்த்தரப்பு ஆபீஸில் இருக்கிற யாரோடும் எந்தப் பேச்சும் வேண்டாம் என்றார்கள்.

கேஸைத் தவிர மற்றதைப் பேசியிருக்கலாமே என்று இப்போது எல்லாரும் சுலபமாகச் சொல்கிறார்கள். நம் லட்சணம் நமக்குத் தெரியாதா? நீ பூண்டு ஊறுகாயில் ஆரம்பித்தாலும் அந்த நாலாவது கொழுப்பில் வந்துதான் முடிப்பாய். நானும் வாயை மூடிக்கொண்டு இருப்பவள் இல்லை. கூண்டில் நிற்கும்போது, எதிர்த்தரப்பில் யாரிடம் என்ன பேசினாய் என்று ஒரு கேள்வி வந்தால், உன் இத்தனை வருஷ உழைப்பின்மேல் ஒரு கறை விழுந்துவிடும். முதலில் செய்தது நீ என்பது நிற்க வேண்டும். உனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், எனக்கும் அதேதான். ஷிப்ட் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். ரூல் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு முழம் தள்ளியே நிற்போம்.

கடைசியாகப் பேசியது உனக்கு நினைவிருக்கும்.

"எவ்ளோ நாளுடி ஆவும்?" என்றாய்.

"ஒரு வருஷம், ஒன்றர வருஷம். போயிடும்."

"கேஸு முடிஞ்ச அன்னிக்கு மொத போனு நான்தான் பண்ணுவேன்."

"அதெப்படி? எனக்குத்தான் ஆபீஸ்லேர்ந்து மொதல்ல தெரியும். நான்தான் பண்ணுவேன்."

"வச்சிகினே இரு. நீ நம்பர் போடறதுக்குள்ள எனுது ரிங்கு அடிச்சிகினு இருக்கும்."

"பாக்கலாம்."

"பாக்கலாம்டி."

போனை யார் முதலில் வைத்தது என்பதிலும் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்கும்.

நாம் பேசாமல் இருப்பது உன் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு நாள் நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா ரிட்டயர்டு ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே நாங்கள் கட்டிக்கொண்ட இந்த வீட்டுக்கு. நானும் அப்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டிருந்தேன்.

"ஏம்மா, ரெண்டு பேரும் பேசிக்கிறது இல்லியாமே. அவளக் கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கறா. யாரு மேல தப்பு?"

"தப்பெல்லாம் இல்லம்மா. ஒரு கேஸ் நடக்குது. அது முடியற வரைக்கும் பேசக் கூடாது."

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கேஸா? ஒருத்திமேல ஒருத்தி கேஸு போட்டுக்கினீங்களா? எந்த எடத்துக்கு? நம்ம எடமெல்லாம்தான் மைன்ஸுக்குப் போயிடுச்சே, இன்னும் எதுக்குடி கேஸு?"

கேஸ் என்றால் நிலம்தான், சர்வே நம்பரும் நஷ்டஈடும்தான் என்று இருக்கும் ஊரில் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் கேரியர் கதையெல்லாம் சொல்லி விளக்கினேன். ஒருவர் செய்ததை இன்னொருவர் கேட்காமல் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள், இதற்குள் யாரும் வரக் கூடாது என்று சுற்றிலும் எல்லை போட்டு வைத்திருக்கிறார்கள், எல்லை எதுவரை என்பதில்தான் சண்டை என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எடம்தான்" என்று முடித்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் எங்கள் ஆபீஸில் யாரும் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. ஆனால் நாமிருவரும் ஒரே கட்சி என்பதை மட்டும் அவர் கடைசிவரை நம்பவில்லை. பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட பங்காளிகளைப் போலத்தான் நம்மைப் பார்த்தார். தெருவிலும் அப்படியே பரப்பிவிட்டார். காய்கறிக்காரம்மா என்னிடம், "உட்டுக் குடுத்துடு பாப்பா, சின்ன வயசுலேர்ந்து ஒண்ணாத் திரிஞ்சீங்க" என்று புத்தி சொன்னார்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லிச் சிரிக்க எவ்வளவு தவித்தேன் தெரியுமா? சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். கேஸ் முடியட்டும், ஒரே மூச்சில் சொல்லித் தீர்க்கலாம் என்று.

நடுவில் ஒரு தரம் உன்னைப் பார்த்தேன். ஊரில் புத்தகக் கண்காட்சி. லீவில் வந்திருந்தாய். ஒரு கடையில் நான் நிமிர்ந்தபோது எதிர்வரிசையில் நீ. நல்ல நீலத்தில் சுடிதார், கொஞ்சம் இளைத்திருந்தாய். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். நீ சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாய். கண் மட்டும் சிரித்தது. நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். நடுவில் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஏதோ நாற்றம் என்று நினைத்துத் தானும் மூக்கைப் பொத்தினார். சிரிப்பை அடக்க முடியாமல் நீ அந்தப் பக்கம் ஓட, நான் இந்தப் பக்கம் ஓடினேன். வெளியே வந்தபோது பஜ்ஜிக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "நீலச் சுடிதார் போட்ட அம்மா உங்கள அடையாளம் சொல்லி, உங்களுக்குன்னு காசு குடுத்துட்டுப் போச்சிங்க." சூடாக மிளகாய் பஜ்ஜி. அதை நின்று தின்றபோது கண்ணில் தண்ணீர் வந்தது. காரம்தான் காரணம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. உன் பக்கத்தில் நின்று தின்ன வேண்டும் போலிருந்தது.

நான் உன்னைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அதுதான்.

அப்புறம் வழக்கில் எதிர்த்தரப்பு வாதம் பத்திரிகையில் வந்தது. அந்த உறையில் புதுமை ஒன்றுமில்லை, துறை தெரிந்த எவரும் செய்திருக்கக்கூடியதுதான் என்று. அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் போனில் அதையே வாசித்துக்கொண்டு நின்றேன். எங்கள் தொழிலில் அது ஒரு வழக்கமான வாக்கியம். எத்தனையோ பேருக்கு எதிராக நானே டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது ஒரு ஆளின்மேல் எப்படி விழும் என்று தெரிந்தது. எவரும் செய்திருக்கக்கூடியதா? நீ தோற்றுத் தோற்று எனக்குப் போன் பண்ணிய ராத்திரிகளில் அந்த 'எவரும்' எங்கே போயிருந்தார்? உன்னிடம் அதைச் சொல்ல வாய் துடித்தது. முடிந்த பிறகு சொல்லலாம் என்று அதையும் எடுத்து வைத்தேன்.

ஐப்பசியில் உன் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், செருப்பு மாட்டக் குனிந்தவள், எழவில்லை என்றார்கள். மழையில் ஹைதராபாத்திலிருந்து உன்னைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். காதருகே குனிந்து பேச வாயெடுத்தேன். நீ நம்புவாயோ மாட்டாயோ, 'கேஸ் இன்னும் முடியலையே' என்றுதான் முதலில் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். பழக்கம் அப்படிப் பிடித்து வைத்திருந்தது. என்ன மடத்தனம் என்று உறைப்பதற்குள் உன்னைத் தூக்க ஆள் வந்துவிட்டார்கள். அன்றும் நாம் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது கேஸ் முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது தெரியுமா? கோபப்படாதே. இவர்கள் பாட்டுக்கு இவர்கள் செய்துகொள்ளலாம், அவர்கள் பாட்டுக்கு அவர்கள் செய்துகொள்ளலாம் என்று உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். என்ன பேசினார்கள் என்பது வெளியே வராது. யார் முதலில் செய்தது என்று நீதிபதி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. எதற்காக நீயும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு திசையில் ஓடினோமோ, அந்தக் கேள்வியை அப்படியே சுருட்டி மூலையில் போட்டுவிட்டார்கள். நீ இருந்திருந்தால் இந்நேரம் போனிலேயே என் காது கிழிந்திருக்கும். கிழியட்டும் என்றுதான் ஏங்குகிறேன்.

கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். உன் நம்பரைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்காதே. சொல்லி வைத்தது சொல்லி வைத்ததுதானே. ரிங் போனது. எடுத்தது உன் அம்மா. உன் போட்டோக்கள் அதில் இருப்பதால் அந்தப் போனை அணைய விடாமல் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாராம்.

"என்னாம்மா? பழம் நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. கேஸ் முடிஞ்சிடுச்சும்மா."

"எடம் யாருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்கும்தாம்மா."

"அதுக்கா இத்தினி நாளு?" என்றார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப இனிமே நீங்க பேசலாம்தான?"

"பேசலாம்மா" என்றேன்.

"இரு. வூட்டுக்குள்ளாறதான் இருக்கா. போட்டோகிட்டப் போறேன்." அவர் நடப்பதும், நாற்காலியை இழுப்பதும் கேட்டன. "பக்கத்துல புடிச்சிகினு இருக்கேன். பேசும்மா."

எவ்வளவு சேர்த்து வைத்திருந்தேன். காய்கறிக்காரம்மா, மூக்கைப் பொத்திய பெரியவர், அந்த 'எவரும்', எல்லாவற்றையும். ஒன்றும் வரவில்லை. உங்கள் வீட்டு மின்விசிறி கடகடவென்று சுற்றும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"நான்தான்டி மொதல்ல பண்ணேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இல்லை, நான்தான் என்று நீ மறுக்கும் அந்த இடைவெளியை விட்டுவிட்டுத்தான் எனக்கு எப்போதும் பேசிப் பழக்கம். இன்று அந்த இடைவெளி முடியவே இல்லை. உன் அம்மாவும் கை வலித்திருந்தாலும் போனைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தார், நானும் வைக்கவில்லை.